விலையைக் கேட்டால் தவணையைச் சொல்கிறார்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. என்கிற, படுக்கையும் சமையலறையுமாக உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டியை வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதுதான். நாம் வண்டியின் விலையைக் கேட்க, அவர் தவணையைப் பற்றியே ஏன் பேசுகிறார் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: 60,000 டாலர் கடனை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு நீட்டினால், மாதம் ஏறத்தாழ 502 டாலர் என்று சாதுவாகத் தெரியும் தொகை, முடிவில் 1,20,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. அதற்குள் வண்டியின் மதிப்பு எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உற்பத்தியாளர் பரிந்துரைத்த விலை என்று ஒன்றை அச்சிட்டு, யாரும் கொடுக்காத அந்த விலையைக் கோடிட்டு அடித்துவிட்டு, பல ஆயிரம் டாலர் தள்ளுபடி என்று பெரிய எழுத்தில் ஒட்டுவது நம் ஊர் ஆடித் தள்ளுபடியையே நாணவைக்கும். சரி, ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டோம் என்று மூச்சு விடுவதற்குள், இந்த வண்டிகள் பெருமளவில் தயாராகும் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்த செலவு, ஒப்படைக்கும் முன் சோதித்த செலவு, விற்பனைக் காகிதங்களைத் தயாரிப்பதற்கென்று கடைக்காரர் வாங்கும் ஆவணக் கட்டணம் என ஒவ்வொன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. புளோரிடாவில் இந்த ஆவணக் கட்டணத்துக்குச் சட்ட வரம்பே கிடையாது. விற்கிற பொருளைச் சோதித்துக் கொடுப்பது கடைக்காரரின் கடமையல்லவா, அதற்கும் நாம்தான் தண்டம் அழ வேண்டுமா?

வரியும் பதிவுச் செலவும் சேர்த்த மொத்த விலையை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால், "நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்கிறார்கள். நேரில் போனாலோ, மேலாளரிடம் கேட்டு வருவதாக உள்ளே போகிறவர், குறைந்த விலையோடு அல்லாமல் கூடுதல் உத்தரவாதத்துக்கான படிவத்தோடு திரும்பி வருகிறார்.