பணம் கட்டாத பிள்ளைகளைக் கடைசியில் மேடை ஏற்றினார்கள்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, என் மகனின் பள்ளி விழாப் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவன் படிக்கும் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா. கறுப்பு கவுன், குஞ்சம் வைத்த தொப்பி, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. விழாவே வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை மேடை ஏறுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் கேட்பது ஒன்றுதான். ஒரே வகுப்பில் படித்த பிள்ளைகளை ஒரே வரிசையில் மேடை ஏற்றுங்கள். விழாவுக்கென்று 1,800 ரூபாய் கட்டியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, கட்டாதவர்களை யூனிஃபார்மோடு கடைசியில் "மத்த பிள்ளைங்க எல்லாம் வாங்க" என்று மொத்தமாகக் கூப்பிடாதீர்கள். என் மகனுக்கும் பெயர் இருக்கிறது.

"கட்டித் தொலைக்க வேண்டியதுதானே" என்கிறார் ஒருவர். நான் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள். அந்த கவுனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாதா லைனிங் துணி, உள்பக்கம் ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கும் ஓவர்லாக் தையல்கூட இல்லை, கை மடிப்பில் நூல் பிரிந்து தொங்குகிறது. பணம் கட்ட முடியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே துணி எடுத்து, கூலி இல்லாமல் தைத்துத் தருகிறேன் என்று ஸ்கூல் ஆபீஸில் போய்ச் சொன்னேன். "வெளியில தைச்சா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காதுங்க" என்றார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அப்படியானால் என் பிள்ளையை ஏன் யூனிஃபார்மில் நிற்க வைத்தீர்கள்?

"ஓசியில் படிக்கிற பிள்ளைக்கு இது போதாதா" என்று இன்னொருவர். இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமில்லை. ஓசி இல்லைங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் தருகிறது. அந்தப் பணம் தாமதமாக வருகிறது என்பது பள்ளிகளுக்கு உண்மையான கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதை அரசிடம் சண்டை போட்டு வாங்குங்கள். இந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து வைக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. வகுப்பில் பிரிக்கவில்லை, சரி. மேடையில் பிரிக்கலாமா?

"அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கலாமே" என்பவர்களுக்கு: நானும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தவள்தான். ஐந்தாவது முடிக்கும்போது எங்களுக்கு ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். பாதிப் பேருக்குக் காலில் செருப்பு கிடையாது. பெரிய டீச்சர் எங்களைப் பார்த்தார், "எல்லாரும் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டு வந்து நில்லுங்க" என்றார். தன்னுடையதையும் கழற்றிவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் யார் வீட்டில் காசு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து பைசா செலவில்லை அதற்கு.

அப்புறம், நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் அம்மாக்களே, உங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. உங்களில் எத்தனை பேருக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி விழித்திருந்து பிளவுஸ் தைத்துக் கொடுத்திருக்கிறேன்! நான் கேள்வி கேட்டதும் குரூப்பே அமைதியாகிவிட்டது. ஒருவர் மட்டும் தனியாக, "விடுங்க அக்கா, குழந்தைங்க மறந்துடுவாங்க" என்று அனுப்பினார். மறக்கவில்லைம்மா. எட்டாவது முடிக்கும்போதும் இப்படித்தான் கடைசியில் கூப்பிடுவார்களா என்று நேற்று சாப்பிடும்போது கேட்கிறான். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

பள்ளியின் பெயரைப் போடச் சொல்கிறார்கள். போடமாட்டேன், அவன் இன்னும் மூன்று வருடம் அங்கே படிக்க வேண்டும். ஆனால் பதிவை எடுக்கவும் மாட்டேன். பள்ளியில் இருந்து யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். விழா ஆல்பத்தில் கவுன் போட்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு பக்கம் என்று கேள்விப்பட்டேன். ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். மற்ற பிள்ளைகளையும் ஒரு நாள் கூப்பிட்டு, தனித்தனியாகப் படம் எடுத்து, பெயர் போட்டு, அகர வரிசையில் அவரவர் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கங்களுக்கு என்ன செலவோ சொல்லுங்கள், நான் தைத்துக் கட்டிவிடுகிறேன்.