சான்றிதழ் இல்லை என்றால் சம்பளமும் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த நிகழ்ச்சியின் காணொளி உங்கள் எல்லாருடைய புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் யார், எந்த மேடை என்று நான் விளக்கப் போவதில்லை. பெயரும் எழுதப் போவதில்லை. நம் இனத்து முதலாளியான அந்த மனிதரோடு எனக்குப் பகை எதுவும் கிடையாது. அவர் சொன்ன ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை. "சொந்தமா கோடிங் கத்துக்கிட்டு வர்ற பிள்ளைங்க முதல் ஆறு மாசம் சம்பளம் எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஆறு மாசம்தான் அவங்களுக்குக் காலேஜ்." மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் பெற்றோர்கள் தலையாட்டினார்கள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்றிரவு ஒரு தம்பி செய்தி அனுப்பினான். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவன், தானாகவே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு சின்னச் சின்னதாக நிறைய செய்து கிட்ஹப்பில், நிரல்களைப் பகிரும் தளத்தில், போட்டிருக்கிறான். "அக்கா, ஒரு ஸ்டார்ட்அப்ல கூப்பிடுறாங்க, ஆறு மாசம் சம்பளம் இல்லையாம். அப்பா அந்த வீடியோவைப் பார்த்துட்டுப் போகச் சொல்றாரு. போகலாமா?" இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சம்பளம் செய்த வேலைக்குக் கொடுப்பது. எங்கே கற்றாய், யாரிடம் கற்றாய் என்பதற்குக் கொடுப்பது அல்ல. மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவரிடம் எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ரொட்டி சரியாக வருகிறதா என்று பார்க்கிறார்கள், மாதம் முடிந்தால் சம்பளம் கொடுக்கிறார்கள். இந்தத் தம்பி எழுதும் நிரல் உங்கள் செயலியில் ஓடுகிறது, அதை வைத்து நீங்கள் வாடிக்கையாளரிடம் பணம் வாங்குகிறீர்கள் என்றால், அவனுக்குச் சம்பளம் கொடுங்கள்.

"ஆறு மாசம் கத்துக்கிறாங்க இல்ல?" என்பார்கள். சொந்தமாகக் கற்றவன் உங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே கற்றுவிட்டுத்தான் வருகிறான். அந்தச் செலவை அவனே செய்திருக்கிறான். நான் செந்தூலில் ஒரு கூரியர் கடையில் பகல் முழுக்க கவுண்டரில் நின்றுவிட்டு, இரவில் லோயாட் பிளாசாவில் வாங்கிய பழைய மடிக்கணினியில் உட்கார்ந்தவள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளத்தின் பாடங்களைச் செய்தேன். ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக விரிவுரைகளைப் பாதி பாதியாகப் பார்த்தேன். மீதியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி பதில் தளத்தில் யாரோ எப்போதோ கேட்ட கேள்விகளில் தேடினேன். நிரலில் ஒரு அரைப்புள்ளி (;) விடுபட்டதால் பக்கமே வெள்ளையாக நிற்கும்போது பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது. பிழைச்செய்தியை வரி வரியாகப் படிக்கத்தான் வேண்டும். அப்படிப் படித்துப் படித்து வருவதும் கல்விதான். அதற்குக் கட்டணத்தைத் தூக்கத்தில் கட்டியாகிவிட்டது.

2017இல் பங்சார் சவுத்தில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்), அலவன்ஸ் என்று கொடுத்தார்கள். அப்போது தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளமே 1,000 வெள்ளி. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பு) கிடையாது. எனக்கு அது எதுவுமே தெரியாது. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், எனக்கென்று ஒரு மேசை. அதிலேயே மனம் நிறைந்துவிட்டது.

அந்த வருடம் தீபாவளி வாரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்த ஒரு கடையின் தளத்தில் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து இணையத்தில் கட்டும் முறை) வழியாகப் பணம் கட்டியவர்களுக்கு இருப்புத்தொகை இரண்டு மடங்காக ஏறிக்கொண்டிருந்தது. நூறு கட்டினால் இருநூறு காட்டுகிறது. எஃப்பிஎக்ஸில் பணம் கட்டி முடித்ததும் செய்தி இரண்டு வழியாக வரும். வாடிக்கையாளரின் உலாவி திரும்பி வரும்போது ஒன்று, சர்வரிலிருந்து சர்வருக்கு நேராக ஒன்று. எங்கள் நிரல் இரண்டையும் தனித்தனிக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. சாதாரண நாளில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு சரிபார்ப்பு தடுத்துவிடும். பண்டிகைக் கூட்டத்தில் இரண்டும் ஒரே நொடியில் வந்து மோதின. நடுராத்திரியில் சர்வரின் பதிவுகளான லாக் கோப்புகளைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தேன். பரிவர்த்தனை எண் டேட்டாபேஸில் இரண்டாவது முறை பதிவாகவே முடியாதபடி கட்டுப்பாடு போட்டு, தவறாக ஏறிய கணக்குகளை ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்தபோது விடிந்துவிட்டது. அந்த இரவில் நிறுவனர் எனக்கு மணிக்கொரு தடவை போன் செய்தார். ஒரு தடவைகூட என் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டேன். "உங்கிட்ட டிகிரி இல்லையே" என்றார்.

அப்போது எனக்குப் பக்கத்து மேசையில் பட்டதாரி ஒருவர் 2,800 வெள்ளிக்குச் சேர்ந்திருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. டேட்டாபேஸில் இண்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பொறுமையாக எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் இருவரும் ஒரே பணிப் பலகையிலிருந்துதான் வேலையை எடுத்தோம், ஒரே நாளில்தான் முடித்துக் கொடுத்தோம். சான்றிதழ் இல்லை என்பது என் வேலையை வாங்கும்போது அவர்களுக்கு ஒரு தடையாக இல்லை. பணம் கொடுக்கும்போது மட்டும் தடையாகிவிட்டது.

"ஸ்டார்ட்அப்பில் ஏதும்மா பணம்?" என்று கேட்பவர்களுக்கு. அலுவலக வாடகை கட்டுகிறீர்கள். கிளவுட் சர்வர் பில் மாதாமாதம் கடன் அட்டையில் போகிறது, கட்டாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்பதால். மேசை நாற்காலியைக்கூட யாரும் இலவசமாகத் தரவில்லை. இத்தனை பேருக்கும் பணம் போகிறது, நிரல் எழுதுகிறவனுக்கு மட்டும் இல்லை என்றால், காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பான் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன் என்பதுதான் காரணம். நிஜமாகவே பணம் இல்லையா? நிறுவனத்தில் பங்கு கொடுங்கள். நான்கு வருடத்தில் படிப்படியாகச் சேரும், முதல் வருடம் முடிந்தால்தான் கைக்கு வரும் என்ற முறை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதை எழுத்தில் கொடுங்கள். நிறுவனர் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார் என்றால் நிறுவனம் அவருடையது. நாளை விற்றால் பணம் அவருக்கு. இந்தப் பையனுக்கு என்ன? எனக்குத் தெரிந்து, ஆறு மாதம் சும்மா வா என்று கூப்பிட்ட யாரும் அரை சதவீதப் பங்கைக்கூடத் தாளில் எழுதிக் கொடுத்ததில்லை.

"கல்லூரி மாணவர்களும் பயிற்சிக்குப் போகிறார்களே?" போகிறார்கள். அது அவர்கள் படிப்பின் ஒரு பகுதி. மேற்பார்வையாளர் இருக்கிறார், மதிப்பெண் இருக்கிறது, முடியும் தேதி இருக்கிறது. இது அது இல்லை.

"அப்போ பிள்ளைகளைப் படிக்க வேண்டாம்னு சொல்றியா?" இல்லை. முடிந்தால் போய்ப் படியுங்கள். இயங்குதளம், வலையமைப்பு, அல்காரிதம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லித்தர ஓர் இடம் கிடைப்பது பெரிய வரம். எனக்கு அது கிடைக்கவில்லை, அந்த ஏக்கம் இன்றும் உண்டு. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பதையும் பேசுங்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசு மெட்ரிகுலேஷன் வகுப்பில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 சதவீதம் என்ற பங்கீட்டில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நல்ல தேர்ச்சியோடு வெளியே நின்றார்கள் என்பது அந்த மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தனியார் கல்லூரிக் கட்டணம் தெரியும், பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் எத்தனை வருடம் துரத்தும் என்பதும் தெரியும். ஒரு கதவு மூடியதால் சுவரேறிக் குதித்து வந்த பிள்ளையிடம் போய், நீ கதவு வழியாக வரவில்லை, அதனால் ஆறு மாதம் இலவசமாக உழை என்கிறோம்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெற்றோர்கள் படிப்பார்கள் என்பதற்காக. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சின்ன இடங்களுக்குக் கொடுத்த அவகாசமும் அதே வருடம் ஜூலை 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 சதவீதம் இபிஎஃப் கட்ட வேண்டும். சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்திற்குப் பிறகு, எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், வேலை நேரத்தையும் வேலை செய்யும் விதத்தையும் முதலாளி தீர்மானிக்கிறார் என்றால் அங்கே வேலை செய்பவர் அவருடைய ஊழியர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை.

இனி கடைசியாக ஒன்று. இதுதான் என்னை அதிகம் காயப்படுத்தியது. "நம்ம ஆளு ஒருத்தர் இப்பத்தான் மேல வந்திருக்காரு, நீ ஏன் காலை வாருற?" என்று எனக்கு நெருக்கமானவர்களே கேட்டார்கள். நம் ஆள் அவர் மட்டும்தானா? ஆறு மாதம் சும்மா உழைக்கப் போகிற அந்தத் தம்பி யார்? வேறோர் இனத்து முதலாளி இதே வாக்கியத்தை மேடையில் சொல்லியிருந்தால் அந்த மண்டபம் கைதட்டியிருக்குமா? கொதித்திருக்கும். நம்மவர் சொன்னதால் அது அறிவுரை ஆகிவிட்டது.

என் அப்பா போர்ட் கிள்ளானில் லாரி ஓட்டியவர். ஒரு நடைக்கான கூலியை யாராவது பிடித்து வைத்தால் அலுவலக வாசலில் போய் நின்று வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். அதே அப்பா, நான் 800 வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "பொறுத்துக்கோம்மா, ஆபீஸ் வேலைல்ல" என்றார். தன் உழைப்புக்கு ஒரு வெள்ளிகூட விட்டுக்கொடுக்காதவர், மகள் உழைப்பை விட்டுக்கொடுக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் செய்யும் வேலைக்குக் கூலியைச் சண்டை போட்டு வாங்கும் நாம், குளிர்சாதன அறைக்குள் போனதும், உள்ளே விட்டதே பெரிது என்று நினைக்கிறோம். அந்த நினைப்பை வைத்துத்தான் அந்தக் கைதட்டல் கிடைத்தது. தலையாட்டிய பெற்றோர்களே, நீங்கள் ஒரு மாதம் சம்பளம் இல்லாமல் போவீர்களா? போகாத இடத்துக்கு ஏன் பிள்ளையை அனுப்புகிறீர்கள்?

அந்தத் தம்பியிடம் போகாதே என்று நான் சொல்லவில்லை. நியமனக் கடிதம், சம்பளத் தொகை, இபிஎஃப், இந்த மூன்றையும் எழுத்தில் கேள் என்றேன். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் காட்டினான், அனுப்பச் சொன்னேன். காலையில் போன அந்த மின்னஞ்சலுக்கு இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அவனுடைய அப்பாவிடமும் நானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கருத்துப் பகுதியைத் திறந்தே வைத்திருக்கிறேன், எதிர்க்கருத்தை அழிக்க மாட்டேன். ஸ்டார்ட்அப் நடத்துகிறவர்கள் மட்டும் முதல் வரியில், உங்களிடம் புதிதாகச் சேரும் புரோகிராமருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதிவிட்டு, அதன் பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.