பச்சைக் கட்டியைக் கடைசியில் எடுங்கள்

தோட்டத்து மூலையைச் சாக் பாஸ்டலில் (நிறப்பொடியைப் பிசினில் பிடித்த வண்ணக் கட்டி) வரைய உட்காருபவர்கள் பலர் முதலில் பச்சைக் கட்டியைத்தான் எடுக்கிறார்கள். படம் அங்கேயே கெட்டுவிடுகிறது. மூலையின் அமைதி இலையில் இல்லை, இலைக்கு அடியில் கிடக்கும் இருட்டில் இருக்கிறது.

நேர் வெயில் படாத இடம் வேண்டும் என்பதற்காக ‘வடக்கு வெளிச்சத்தில் வரையுங்கள்’ என்று சொல்லும் ஐரோப்பியப் பாடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் செல்லாது. இங்கே உச்சி வெயில் ஆண்டு முழுக்க வடக்கிலிருந்துதான் விழுகிறது. வீட்டின் தெற்குச் சுவரோர மூலையைப் பிடியுங்கள், அதுவும் ஆனி, ஆடியில். டிசம்பரில் காலையும் மாலையும் அந்தச் சுவரிலும் வெயில் ஏறிவிடும். ஜூனில் நாள் முழுக்க நிழல் அப்படியே நிற்கும், காற்றில் ஈரமும் குறைவு. (1849-இல் தொடங்கிய பொட்டானிக் கார்டனில், பெண் மரமே இதுவரை கிடைக்காத அந்தச் சைக்காட் (பனை போலத் தோன்றும் மரம்) முன்னால் உட்காரலாம்தான். மரம் அரிது என்பதற்காகப் படம் நன்றாக வந்துவிடாது.)

வெள்ளைத் தாள் வேண்டாம். சாம்பல் அல்லது பழுப்பு. பழகுவதற்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர் உப்புத்தாள் போதும், ஆனால் நாளாக ஆக நொறுங்கும். பள்ளிக்கூடச் சாக்பீஸ் வெறும் ஜிப்சம் மாதிரி. நிறமி குறைவு, இருட்டே ஏறாது.

கறிவேப்பிலை மரத்தின் அடியை எடுத்துக்கொள்வோம். கட்டியைப் படுக்கவைத்து அடர் ஊதா, செங்கல் சிவப்பு. அதன்மேல் கரும்பச்சையை லேசாக, அடிநிறம் இடையிடையே எட்டிப் பார்க்கும்படி இழுங்கள். கறுப்பைத் தொட வேண்டாம், சேறாகிவிடும். வெயில் பட்ட இலைக்கு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, அதுவும் கடைசியில். கட்டியின் முனையை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு இலை. ஏழெட்டு போதும். அதற்கு மேல் போனால் கீரைக் கடைசல்.

விரலால் தேய்க்கும் பழக்கம்தான் பெரிய எதிரி. தாளின் சொரசொரப்பில் பொடி அடைத்துக்கொண்டால் அடுத்த கட்டி வழுக்கும். அப்படி ஆனால் உலர்ந்த கெட்டி பிரஷால் பொடியைத் தட்டிவிட்டு மேலே போகலாம். ஊதாதீர்கள், அந்தத் தூள் நேரே நெஞ்சுக்குள் போகும். பலகையை முன்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் தானாகக் கீழே கொட்டும்.

பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரேயை இடைப்பட்ட பூச்சுகளுக்கு மட்டும் அடிக்கலாம். முடிந்த படத்தில் அடித்தால் துகள்களுக்கு இடையே இருந்த காற்று போய், வெளிர் நிறங்கள் மங்கிவிடும்.

ஃப்ரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் விடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு வேண்டாம், அது தூளை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டினால் பாஸ்டலில் இருக்கும் பிசினுக்கே பூஞ்சை வந்து சேரும்.