ஸ்டைனின் கண்ணாடித் தகடுகளுக்கு வண்ணம் பூசாதீர்கள்

வடமேற்குச் சீனாவில் துன்ஹுவாங் பாலைவனக் காவற்கோபுரங்களின் பழைய படங்கள் மறுபடியும் சுற்றுக்கு வந்திருக்கின்றன. 1907-ல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் கண்ணாடித் தகடுகளில் எடுத்தவை. ஏஐ-யை வைத்துக் கீறலைத் துடைத்து, வண்ணம் ஏற்றி, "பட்டுப் பாதையின் மறைந்த உலகம்" என்று தலைப்புப் போட்டுப் பகிர்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டுமோ அதுதான் முதலில் காணாமல் போகிறது.

சுவரில் கிடையாக ஓடும் மெல்லிய கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அது கீறல் அல்ல, கட்டுமானம். சீனாவின் ஹான் அரசு ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் போட்ட எல்லை அது. இடித்து இறுக்கிய மண்ணாலோ வெயிலில் காய்ந்த செங்கல்லாலோ கோபுரங்களை எழுப்பி, இடையிடையே நாணலும் டாமரிஸ்க் என்ற பாலைப் புதரின் குச்சியும் பரப்பினார்கள். கோபுரங்களை இணைக்கும் மதிலில் நாணல் கட்டு ஒரு வரிசை, சரளை மண் ஒரு வரிசை. அங்கத்து மண்ணில் இருக்கும் உப்பே சாந்து மாதிரி இவற்றைப் பிடித்துக்கொண்டது. காற்று மண்ணை அரிக்கிறது, நாணல் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதன் நிழல் கோடாக விழுகிறது. மென்பொருளுக்கு இது தெரியாது. சிமெண்ட் பூசிய சுவராக வழித்துக் கொடுத்துவிடும்.

நிறத்தின் கதை இன்னும் மோசம். அக்காலத் தகடுகளில் பெரும்பாலானவை நீலத்துக்கு மட்டும் நன்றாக எதிர்வினை காட்டும். சிவப்புக்கு ஏறக்குறைய குருடு. அதனால் சிவப்பு அங்கி கறுப்பாகவும், செம்மண் சுவர் உள்ளதைவிட இருண்டும், நீல வானம் வெள்ளைத்தாளாகவும் பதியும். தூரத்துப் புழுதி மூட்டமும் நீல ஒளியைச் சிதறடிப்பதால், கண்ணுக்குத் தெரிந்த மலை தகட்டில் தெரியாமலே போகலாம். "எல்லையற்ற வெறுமை" என்று நாம் உருகுவதில் ஒரு பங்கு ரசாயனத்தின் வேலை. இந்தக் கறுப்பு வெள்ளையிலிருந்து அசல் நிறத்தை ஊகிப்பது குருட்டாம்போக்கு.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், எகிப்திலும் அதன் தெற்கே நூபியாவிலும் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் பிரான்சிஸ் ஃபிரித் ஈரத் தகட்டோடு போராடினார். தகட்டில் பூசும் கொலோடியன் என்ற பசைக் கரைசல் காயும் முன், சில நிமிடங்களுக்குள், பூசி, படமெடுத்து, கழுவியாக வேண்டும்; கூடார வெப்பத்தில் அதிலிருக்கும் ஈதர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 1880-களில் உலர் தகடு பரவியதும் அந்த அவசரம் போனது, சுமை போகவில்லை. 12 × 16.5 சென்டிமீட்டர் கண்ணாடி 12 சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. தகட்டில் ஒரு தூசி உட்கார்ந்தால் அச்சில் கரும்புள்ளி. கேமராவின் துருத்தியில் ஊசித்துளை விழுந்தால் படம் முழுக்க மூட்டம். கழுவும் நீர் சூடாக இருந்தால் தகட்டின் ஜெலட்டின் பூச்சு ஓரத்தில் சுருக்கம் விழுந்து உரியும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற ரசாயனத்தை நன்றாகப் போக்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு பழுப்பேறும். தண்ணீருக்கு எங்கே போவது? 1906 டிசம்பரில் லௌலான் என்ற பாலைவன இடிபாட்டு நகருக்குப் போகையில், குடிநீரையே பனிக்கட்டியாக ஒட்டகத்தில் ஏற்றித்தான் ஸ்டைன் புறப்பட்டார்.

படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுப் பகிர்வதுதான் எனக்கு மிகவும் எரிச்சல். கோபுரத்தின் அடியில் சரியும் குப்பை மேடு அசிங்கமாகத் தெரிகிறதாம்! காவலர்கள் கழித்துப் போட்ட எழுத்துப் பலகைகள் கிடைத்தது அந்தமாதிரிக் குப்பையில்தான். அதே வரிசையில் ஒரு கோபுர இடிபாட்டிலிருந்து, 4-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தைச் சேர்ந்த சோக்தியக் கடிதங்கள், அதாவது சமர்கந்துப் பக்கத்து வணிக மக்களின் கடிதங்கள், வந்தன. சங்கத் தமிழ் 'சாத்து' என்று சொல்லும் வணிகக் கூட்டத்தின் உள்விவகாரம் அவற்றில் இருக்கிறது. ஒன்று சமர்கந்துக்குப் போக வேண்டியது. கஸ்தூரிப் பைகள் 32 என்று கணக்குச் சொல்கிறது. இன்னொன்றில், துன்ஹுவாங்கில் கைவிடப்பட்ட மிவ்னாய் என்ற பெண், உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாகியிருக்கலாம் என்று கணவனைத் திட்டியிருக்கிறாள். கடிதங்கள் போய்ச் சேரவே இல்லை.

அளவு பார்க்க, சுவரையொட்டி நிற்கும் ஆளைத் தேடுங்கள். ஆளின் உயரம் 165 சென்டிமீட்டர் என்று வைத்து, படத்தில் அவர் 11 மில்லிமீட்டர் இருந்தால், 1 மில்லிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். அவர் சுவருக்குப் பக்கத்தில் நின்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பத்தடி முன்னால் வந்துவிட்டால் சுவர் குட்டையாகிவிடும். வெட்டிய படத்தில் அந்த ஆளே இருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

இதற்காக அசல் வெளியீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். துன்ஹுவாங் அருகே மொகாவோ குகைக் கோயில்களில் 16-ஆம் குகையில், பழஞ்சுவடிகள் இருந்த ஏட்டறையின் வாசலருகே சுவடிக் கட்டுகள் குவிந்து கிடக்கும் புகழ்பெற்ற படம், 1921-ல் ஸ்டைனின் 'செரிந்தியா' நூலில் வந்தது. அந்தக் கட்டுகள் வேறொரு படத்திலிருந்து எடுத்து அதன்மேல் ஏற்றப்பட்டவை. பிரிட்டிஷ் நூலகத்தில் ஸ்டைனின் நெகட்டிவ்கள் இருக்கின்றன, புடாபெஸ்டில் ஹங்கேரிய அறிவியல் அகாதமியிலும் அவருடைய படங்கள் உண்டு. பகிர்வதற்கு முன் அச்சையும் நெகட்டிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.