ஆடி மழையில் முதுகுப் பையோடு

"ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலோரமாகப் போகிறேன் என்கிறாயே" என்று என் மாமியார் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துத் தடுத்துப் பார்த்தார். போய் வந்து மூன்று வாரமாகிறது. இப்போது பார்ப்பவர்களெல்லாம் வேறு கேள்வி கேட்கிறார்கள்: "கோவா வரைக்கும் போகாமலே திரும்பிவிட்டீர்களாமே?"

ஆம், போகவில்லை. ஏன் போகவில்லை, அதில் எனக்கு ஏன் துளியும் வருத்தமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான், கணவர், 67 வயது அப்பா, 11 வயது மகள், 7 வயது மகன். கோவையிலிருந்து ரயிலில் மங்களூர். அங்கிருந்து கொங்கண் ரயில் பாதையில் உடுப்பி, பைந்தூர், முருடேஸ்வர், கோகர்ணா, கார்வார், கோவா. ஒன்பது நாள். காகிதத்தில் எழுதியபோது மிகச் சரியாக இருந்தது. மழையைத்தான் அந்தக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை.

கோவையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மழை புரிவது கடினம். ஆடியில் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் கொஞ்சம் சாரலும் வரும். அதையே மழை என்று கொண்டாடுவோம். மலைக்கு அந்தப் பக்கம் நிலைமையே வேறு. அரபிக் கடலிலிருந்து வரும் மேகம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, சுமையையெல்லாம் கடலோரத்திலேயே இறக்கிவிடுகிறது. மங்களூரில் ஜூலை ஒரே மாதத்தில் பெய்வது, கோவையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஷொர்ணூர் தாண்டியதும் ஜன்னல் ஷட்டரை இறக்கினோம். அதன் பிறகு பயணம் முழுக்க அது ஏறியதைவிட இறங்கியதுதான் அதிகம்.

உடுப்பியில் முதல் இரவே பாடம் கிடைத்தது. தொலைபேசியில் பேசியபோது விடுதிக்காரர் வெந்நீர் உண்டு, கடல் பக்கம்தான் என்றார், இரண்டும் உண்மை. ஆனால் அறைச் சுவரில் பூஞ்சை படர்ந்து கிடந்தது, தலையணையில் ஈர வாடை. மகனுக்கு நடு இரவில் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. விடியும்வரை அவனை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தேன். காலையில் வேறு இடம் மாறினோம். அன்றிலிருந்து பணம் கொடுக்குமுன் தலையணையை முகர்ந்து பார்ப்பது என் வேலையாயிற்று. மழைக்காலத்தில் கடல் தெரியும் அறையைத் தேடாதீர்கள். காற்று புகுந்து வெளியேறும் அறையைத் தேடுங்கள். ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் இந்தப் பயணமே வேண்டாம் என்பேன்.

உடுப்பியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் பத்ரொடெ. சேம்பு இலையின் பின்பக்கம் அரிசியும் புளியும் மிளகாயும் சேர்த்து அரைத்த மாவைத் தடவி, இலைமேல் இலை வைத்துச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வட்டமாக அறுத்துத் தருகிறார்கள். புளி சேராவிட்டால் இலை தொண்டையை அரிக்குமாம். நம் ஆடிதான் அந்தப் பக்கத்து மொழியான துளுவில் ஆட்டி. நடவு முடிந்து, மழை ஓயாமல், வெளி வேலை குறைந்துபோகும் மாதம். முற்றத்தில் தானாக முளைத்த இலையைப் பறித்துச் சமைக்கும் மாதம். ஆட்டி அமாவாசையன்று விடியுமுன் ஏழிலைப்பாலை மரப்பட்டையின் கசாயத்தை வீட்டிலுள்ள எல்லோரும் குடிக்க வேண்டுமாம். அப்பா அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "சீசன் இல்லாத நேரம்" என்று பயண நிறுவனங்கள் ஒதுக்கும் மாதத்தில்தான் அந்த ஊர் தனக்காகச் சமைத்துச் சாப்பிடுகிறது. இதைப் பார்க்க வேறு எந்த மாதம் போனாலும் பயனில்லை.

உடுப்பியை ஒட்டிய மீன்பிடித் துறைமுகமான மால்பெயில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தமிழகக் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது நமக்குத் தெரியும். மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே 61 நாள். தடை முடிந்திருந்தும் கடலின் சீற்றம் இறங்கவில்லை என்று படகுக்காரர்கள் காத்திருந்தார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். அதே கரையில் வெளியூர்க்காரர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத கருத்து உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கடலில் கால் நனைக்கக் கூடாது. கணுக்கால் அளவு கூட வேண்டாம். அலைகள் கரைக்குத் தள்ளும் தண்ணீரெல்லாம் ஏதோ ஒரு குறுகிய வழியாகத் திரும்பிப் போயாக வேண்டும். அந்த வழியில் அலை உடையாது. பார்ப்பதற்கு அங்கேதான் கடல் அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை, வா" என்று நாம் குழந்தையை இறக்குகிற இடமே அதுவாக இருக்கும். ஒரு கடற்கரையில், பெயர் வேண்டாம், பாசி படிந்த பாறைமேல் நான்கு வயதுப் பெண் குழந்தையை நிற்க வைத்துவிட்டு அதன் அப்பா பின்னால் பின்னால் நகர்ந்து போனார், கடலும் படத்துக்குள் வரட்டும் என்று. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். கன்னடத்தில் அவர் திட்டியது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. என் மகள் என் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

உடுப்பியிலிருந்து வடக்கே போக எல்லோரும் கார் எடுக்கச் சொன்னார்கள். அப்பா ஒரே சொல்லாக ரயில் என்றார். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில், தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஒட்டியிருந்த மலை சரிந்து, சாலையோரத் தேநீர்க் கடையையும் நின்றிருந்த லாரிகளையும் கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. கேரள லாரி ஓட்டுநர் ஒருவரின் உடலை இரண்டு மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். அந்தச் செய்தியை அப்பா நாள்தோறும் படித்துக்கொண்டிருந்தார். ரயில் பாதையிலும் மலைச்சரிவு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் கொங்கண் ரயில்வே கால அட்டவணையையே மாற்றிவிடுகிறது. வண்டிகள் மெதுவாக ஓடுகின்றன. கண் தெரியாத மழையென்றால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது ஓட்டுநர்களுக்கு விதி. இரவும் பகலும் தண்டவாளத்தில் ஆட்கள் நடந்து பார்க்கிறார்கள். பைந்தூருக்குச் சற்று முன், செம்புரைக்கல்லை வெட்டிய ஒரு பள்ளத்தில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் கயிறாக ஒழுகிக்கொண்டிருந்தது. மகன் கையசைத்தான், அவர் கையிலிருந்த கொடியை லேசாக உயர்த்தினார்.

பைந்தூரில் இறங்கியபோது கைப்பேசிகள் எல்லாம் அலறின. சிவப்பு எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று அதற்குப் பொருள். எங்கள் திட்டப்படி மறுநாள் கொல்லூர் மூகாம்பிகையைத் தரிசித்துவிட்டு, அன்று மாலையே முருடேஸ்வர் போயாக வேண்டும். ஸ்டேஷனில் நின்ற ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு ஓட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். அந்த வீட்டம்மா வாசலிலேயே பைகளை வாங்கிக்கொண்டு, "மளெ நில்லலி" என்றார்.

மழை நிற்கட்டும். யாரும் மொழிபெயர்க்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. நான்கு நாள் நிற்கவில்லை.

முதுகுப் பை என்பதன் அருமை எனக்கு அங்கேதான் விளங்கியது. பெரியவர்களுக்கு ஆறு கிலோ, மகளுக்கு மூன்று, மகனுக்கு அவனுடைய சட்டைகளும் ஒரு பொம்மையும். கார் வாடகை ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ஊரில் அறைக்கு முன்பணம் கட்டியிருந்தால், நான்கு பெட்டிகளோடு வந்திருந்தால், அந்த மழையிலும் கிளம்பியிருப்போம் என்று உறுதியாகச் சொல்வேன். மழையைவிட இந்த "போயே தீர வேண்டும்" என்பதுதான் எனக்குப் பயம். எங்களிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் இருந்துவிட்டோம்.

அந்த வீட்டின் குளியலறையில் பெரிய செப்பு அண்டா ஒன்றை அடுப்பு கட்டிப் பதித்திருந்தார்கள். அண்டாவை ஹண்டெ என்கிறார்கள். காலையில் தென்னை மட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு எரித்தால் நாள் முழுக்க வெந்நீர். அடுப்புக்கு மேலே குறுக்கே கயிறு கட்டி, ஈரத் துணியெல்லாம் அங்கேதான் காய்கிறது. எங்கள் ஈரிழைத் துண்டுகளும் லுங்கியும் ஒரு இரவில் காய்ந்தன. கணவரின் ஜீன்ஸ் மூன்று நாளும் காயவில்லை. ஊர் திரும்பிய பிறகும் என் சேலையிலிருந்து அந்தப் புகை வாசம் போகவில்லை. துவைக்க மனமில்லாமல் ஒன்றை அப்படியே வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் அந்த நான்கு நாளும் என்ன செய்வார்கள் என்றுதான் பயந்தேன். மகள் சமையலறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். மழை மளெ, மீன் மீனு, கடல் கடலு. இரண்டாம் நாள் ஓடிவந்து சொன்னாள்: "அம்மா, நம்முடைய 'ப' இவர்களிடம் 'ஹ' ஆகிவிடுகிறது! பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு!" பத்தாண்டுக் காலம் தமிழ் சொல்லிக்கொடுத்த என் அப்பாவுக்கு அந்த நேரத்தில் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். இருவரும் அன்று மாலைவரை சொல் தேடிக்கொண்டிருந்தார்கள். மகன் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்து, எது எத்தனை நேரத்தில் நிறைகிறது என்று எண்ணினான். அவன் மூச்சு மறுபடி இழுக்கவே இல்லை.

வெளியே போகாமலும் இல்லை. மழை தணிந்த ஒரு மதியம் குடைகளோடு ஒத்தினெணெ மேட்டுக்கு நடந்தோம். கீழே கடல் செம்மண் நிறத்தில் கொதித்தது. ஆறுகள் கொண்டுவந்த மண் அது. மேட்டின் மேலிருந்தே பார்த்தோம், இறங்கவில்லை. திரும்பும்போது அப்பாவின் காலில் அட்டை. வீட்டம்மா உப்பை வைத்ததும் விழுந்துவிட்டது. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க அவர் யாரையும் விடவில்லை. எலிக்காய்ச்சல் வரும், காலில் கீறல் இருந்தால் போதும் என்று எச்சரித்தார். போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஷூ வேண்டாம், பின்வார் வைத்த ரப்பர் செருப்பு; கொதித்து ஆறிய தண்ணீர்; கொசுவலை; உப்புக் கரைசல் பொட்டலம். துணிகளைத் தனித்தனிப் பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டிக்கொண்டால் பை நனைந்தாலும் கவலையில்லை. இதற்குமேல் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் காலை வானம் வெளுத்தது. கொல்லூர் போய் அம்பாளைத் தரிசித்தோம். சௌபர்ணிகா ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறைக்கு யாரையும் விடவில்லை, அதுவே சரி. மறுநாள் தெற்கே திரும்பிவிட்டோம்.

பெரியம்மா இன்னும் கோவாவைப் பற்றியே கேட்கிறார். அடுத்த ஆடியிலும் பைந்தூர் வரைக்கும்தான் டிக்கெட் எடுக்கப்போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். திரும்பி வருவதற்கு அங்கே போய் எடுத்துக்கொள்வோம். வீட்டம்மாவுக்குக் கொண்டுபோக அப்பா இப்போதே இரண்டு ஈரிழைத் துண்டுகள் வாங்கி வைத்திருக்கிறார்.