வீடியோ ஓடினால் அது கணக்கு வகுப்பு ஆகிவிடாது

ஸ்மார்ட் போர்டு வந்துவிட்ட பள்ளிகளில் கணக்குக்கு அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. யூடியூபில் பாடத்தின் பெயரைத் தேடி ஓட விடுகிறோம் என்கிறார்கள். பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள், மணி அடித்துவிடுகிறது. பார்வையிட வருகிறவர்களும் போர்டு ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிள்ளைகள் அதை வைத்து என்ன யோசித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

வீடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பில் வந்த பாடங்களும் இல்லாவிட்டால் பல பிள்ளைகள் கணக்கையே மறந்திருப்பார்கள். லீவு போட்ட பிள்ளைக்கும், வீட்டில் இன்னொரு தடவை கேட்க நினைக்கிற பிள்ளைக்கும் அது நல்ல துணை. ஆனால் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கும்போது, வேறொருவர் கணக்குப் போடுவதை எல்லாரும் சேர்ந்து வேடிக்கை பார்க்கத்தானா இணையம்?

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டு வரைபடம் இருக்கிறதே, பொதுத் தேர்வில் 8 மதிப்பெண் கணக்கு. அட்டவணை போடு, புள்ளி குறி, இழைவாகச் சேர், தீர்வு எழுது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வளைவு எக்ஸ் அச்சைத் தொடாமல் போனால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். 'மெய் மூலங்கள் இல்லை', அதாவது சமன்பாட்டுக்கு மெய்யெண் தீர்வு இல்லை என்ற வரியும் வந்துவிடும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் எனக்கு இணையம் வேண்டும். 2018இல் தொடங்கிய நம் புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி வருகிறது, க்யூஆர் கோடுடன். கணக்குப் புத்தகத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ராவுக்குத்தான் போகும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது; வரைபடங்களையும் வடிவங்களையும் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கலாம். வகுப்பறைக்கு இலவசம். அந்தப் பக்கத்தில் இருந்து தேர்வில் கேள்வி வராது என்பதால் பலரும் அதைப் புரட்டிக்கொண்டு போய்விடுகிறோம்.

எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் 3. திரையில் வளைவு 1லும் 3லும் அச்சை வெட்டி நிற்கிறது. உடனே எண்ணை மாற்றும் ஸ்லைடரை நகர்த்திவிடக் கூடாது. கடைசியில் இருக்கிற 3ஐ 4 ஆக்கினால் வளைவு எங்கே போகும் என்று முதலில் நோட்டில் வரையச் சொல்ல வேண்டும். ஒருத்தன் வலப்பக்கம் தள்ளுவான், ஒருத்தி வளைவையே குறுக்கிவிடுவாள், சிலர் மேலே தூக்குவார்கள். அப்புறம் அவர்களில் ஒருவரே வந்து நகர்த்தட்டும். வளைவு மெல்ல ஏற, வெட்டும் புள்ளிகள் நெருங்கி வந்து, 4இல் இரண்டும் சேர்ந்து எக்ஸ் 2 என்ற இடத்தில் அச்சைத் தொட்டுக்கொண்டு நிற்கும். "சார், ரெண்டும் ஒண்ணாயிடுச்சு!" 5 ஆக்கினால் அச்சை விட்டே எழும்பிவிடும். இப்போது கரும்பலகைக்கு வந்து மூன்றுக்கும் தன்மைக்காட்டியை, அதாவது பி ஸ்கொயர் மைனஸ் 4ஏசியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் 4, 0, மைனஸ் 4 என்று வரும். இத்தனை நாள் மனப்பாடம் செய்த சூத்திரம் எதைச் சொல்கிறது என்று அப்போது பிடிபடும்.

நடுவில் இருக்கும் எக்ஸின் கெழுவை, அதாவது அந்த மைனஸ் 4ஐ, மாற்றிப் பார்ப்பது இன்னும் அருமை. வளைவு பக்கவாட்டில் மட்டும் நகரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், ஆசிரியர்களில் சிலரும் கூட. ஆனால் அது நகர்ந்துகொண்டே ஏறி, இறங்கும். வளைவின் முனை போகும் தடத்தைத் திரையில் விடச் சொன்னால் அதுவே தலைகீழான இன்னொரு பரவளையம், இதே மாதிரி வளைவு. ஏன் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் வர்க்கப் பூர்த்தி முறை தெரிந்த பிள்ளை கையாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரை காட்டுவது நிரூபணம் ஆகாது. அரைவட்டத்தில் அமையும் கோணத்தை, அதாவது விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேல் ஒரு புள்ளியோடு சேர்த்தால் அந்தப் புள்ளியில் வரும் கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியை வட்டத்தின் மேல் எங்கே இழுத்தாலும் 90 என்றே காட்டும். "அப்போ நிரூபிச்சாச்சு" என்பார்கள். இல்லை. புத்தகம் சொன்னதை நம்புவதும் திரை சொன்னதை நம்புவதும் ஒன்றுதான். அந்தப் புள்ளியை மையத்தோடு சேர்த்து ஓர் ஆரம் வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றில் சமமாக இருக்கும் இரண்டு ஜோடிக் கோணங்களும் சேர்ந்து பெரிய முக்கோணத்தின் 180, ஆக ஒவ்வொரு ஜோடியில் இருந்தும் ஒரு கோணம் எடுத்தால் 90. திரை கிளப்பிய கேள்விக்குப் பதில் சாக்பீஸில் கிடைக்கிறது. இந்த இரண்டாவது பாதி நடக்காவிட்டால் முதல் பாதியால் பயனில்லை.

நெட் கிடைக்காத பள்ளிகள் இருக்கின்றன, தெரியும். ஜியோஜீப்ராவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அப்படி ஒரு பிரதி கையில் இருப்பது எப்போதும் நல்லது. ஃபிளாஷில் செய்த அருமையான கணக்கு அனிமேஷன்கள் எத்தனையோ இருந்தன. 2020 டிசம்பரோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியதும் பிரவுசரில் அவை திறக்காமலே போயின. ஒரே லிங்கை நம்பிப் பாடத்தைத் திட்டமிடுவது ஆபத்து.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். போர்டை எப்படி ஆன் செய்வது என்று இனியும் சொல்லித்தர வேண்டாம். ஒரு பாடத்தை எடுத்து, எந்த இடத்தில் நிறுத்தி எந்தக் கேள்வியைக் கேட்பது என்று எங்களை உட்கார்ந்து யோசிக்க விடுங்கள். அப்புறம், ஸ்மார்ட் போர்டு ஓடிய மணிக்கணக்கை எங்களிடம் கேட்காதீர்கள். காரணிப்படுத்தலுக்கும், நீள்வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காண்பதற்கும் நான் போர்டை ஆன் செய்வதே இல்லை. அவை பிள்ளை தன் கையால் போட்டு, தப்பாகி, அழித்துத் திரும்பப் போட வேண்டிய கணக்குகள். வரைபடத்துக்கும் வட்டத்துக்கும் முக்கோணவியலுக்கும் கண்டிப்பாக ஆன் செய்வேன், அதுவும் பத்து நிமிடம் போதும்.