புளிப்பையும் சோடாவையும் ஒரே போத்திலுக்குள்ளை ஊத்தாதேங்கோ

வினாகிரி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா), தேசிக்காய்ப் புளி மூண்டையும் ஒண்டாக் கலந்து குசினி கழுவச் சொல்லி, "அம்மம்மாமார் செய்த முறை" எண்டு ஒருத்தர் போட்ட வீடியோ பிழையெண்டு முந்தி எழுதி ஏச்சு வாங்கினனான். அதைப் பற்றி இனி வாய் திறக்கிறேல்லை எண்டுதான் இருந்தன். நேற்றிரவு அந்த வீடியோவைக் கிளிநொச்சிக் குறூப் ஒண்டிலை திரும்பப் போட்டு, மேலை "எங்கட இயற்கை முறையைத் தாங்க முடியாத சிலருக்கு" எண்டு ஒரு வரியும் எழுதிவிட்டிருக்கினம். அந்தச் சிலர் ஆரெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, கதைப்பம்.

வினாகிரியோடையோ அப்பச்சோடாவோடையோ தேசிக்காயோடையோ எனக்கு ஒரு கோபமும் இல்லை. மூண்டையும் ஒரே போத்திலுக்குள்ளை ஊத்திக் குலுக்கிப்போட்டு "குசினி முழுக்க இது ஒண்டே காணும்" எண்டு சொல்லுறதோடைதான் கோபம். வினாகிரி புளிப்பு, அதாவது அமிலம். சோடா காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது, உறைப்பில்லை. ரண்டும் சேர்ந்தா ஒண்டை ஒண்டு தின்னும். கடை வினாகிரி 100 மில்லிலீற்றரிலை அசற்றிக்கமிலம் கிட்டத்தட்ட 5 கிராம் இருக்கும். அதை முழுசா அடக்க 7 கிராம் அப்பச்சோடா, அதாவது ஒண்டரைத் தேக்கரண்டி போதும். நுரை அடங்கினாப் பிறகு உங்கட கையிலை இருக்கிறது கொஞ்சம் உப்புக் கரைஞ்ச தண்ணி. அதாலை எண்ணெயும் போகாது, கேத்தலிலை கட்டுற கல்சியப் பொருக்கும் போகாது.

இதிலை இன்னொண்டு. அந்த 7 கிராம் சோடாவிலையிருந்து ஏறக்குறைய 2 லீற்றர் காபனீரொட்சைட்டு வரும். வீடியோக்காரர் நுரை அடங்க முன்னமே மூடியை இறுக்கச் சொல்லுறார். கண்ணாடிப் போத்திலிலை அப்பிடிச் செய்தா என்ன நடக்கும்? செய்து வைச்சிருக்கிறவை முகத்தை விலத்திப் பிடிச்சுக்கொண்டு, மூடியை மெல்ல மெல்லத் தளத்துங்கோ.

"எங்களுக்கு வேலை செய்ததே" எண்டு பத்துப் பேர் எழுதியிருக்கிறியள். வேலை செய்தது உங்கட கையும் தும்பும் சுடுதண்ணியும். ஒரு ரைல்ஸிலை பாதிக்கு அந்தக் கலவை, மற்றப் பாதிக்கு வெறும் சுடுதண்ணி போட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ. பிறகு வந்து சண்டை பிடியுங்கோ.

இப்ப உருப்படியா ஒண்டு. புளிப்பு வேறை வேலைக்கு, காரம் வேறை வேலைக்கு.

வன்னியிலை கனபேரின்ரை கிணத்துத் தண்ணி கல்சியத் தண்ணி. கேத்தலுக்குள்ளை வெள்ளையாய்ப் பொருக்குக் கட்டுறது அதாலைதான். அதுக்குப் புளிப்பு வேணும். பாதி வினாகிரி, பாதி தண்ணி, பொருக்கு மூடுற அளவுக்கு விட்டு ஒரு கொதி வரவிட்டு நிப்பாட்டுங்கோ. அரை மணித்தியாலம் கிடக்கட்டும். ஊத்திப்போட்டு ரண்டு தரம் அலசி, வெறுந்தண்ணி ஒருக்காக் கொதிக்க வைச்சு வெளியிலை ஊத்துங்கோ. தடிச்ச பொருக்கெண்டா இன்னொருக்காச் செய்ய வேணும், கத்தியாலை சுரண்டக் கூடாது. அலுமினியக் கேத்தலை இரவு முழுக்க ஊற விடாதேங்கோ, குழி விழும்.

காஸ் அடுப்பைச் சுத்தி ஒட்டுற எண்ணெய்ப் பிசினுக்குக் காரம் வேணும். மூண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணி. களியாக் குழைச்சுப் பூசி இருபது நிமிசம் விடுங்கோ. காய முன்னம் சுடுதண்ணியிலை நனைச்ச தும்பாலை தேய்ச்சுத் துடையுங்கோ. பிறகும் வெள்ளைப் படலம் தெரிஞ்சா, அப்ப ஒரு துணியிலை கொஞ்சம் வினாகிரி தொட்டு மேலாலை துடைக்கலாம். ஒண்டு முடிஞ்சு, கழுவி, அதுக்குப் பிறகுதான் மற்றது. இவ்வளவுதான் நான் அண்டைக்கும் சொன்னது! அதுக்குத்தான் "எந்தக் கொம்பனி காசு தந்தது" எண்டு கேட்டவை. தந்திருந்தா இந்த மாசக் கறண்ட் பில்லைக் கட்டியிருப்பன்.

"அம்மம்மாமார் செய்த முறை" எண்டுறதுதான் பெரிய பொய். எந்த அம்மம்மா கலந்தவ? எங்கட சின்னம்மா குத்துவிளக்கு மினுக்கிறதைக் கன காலம் பாத்தனாங்கள். முதல் நனைஞ்ச தும்பிலை சாம்பல் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பா. நல்லாக் கழுவுவா. அதுக்குப் பிறகுதான் பழப்புளியும் உப்பும். கழுவினவுடனை ஈரம் துடைச்சு வெயிலிலை வைப்பா, இல்லாட்டிப் பச்சை பிடிக்கும். அவ வேதியியல் படிச்சவ இல்லை. ஆனா ரண்டையும் ஒரே சிரட்டைக்குள்ளை போட்டதேயில்லை.

சாம்பல் எண்டாலும் எல்லாச் சாம்பலும் ஒண்டில்லை. விறகுச் சாம்பலிலை காரம் இருக்கு, எண்ணெயைப் பிடிக்கும். மில்லிலை எடுக்கிற உமிச்சாம்பல் அநேகமா சிலிக்கா. கரிச்சட்டி உரஞ்ச நல்லது, கண்ணாடியிலும் நொன்ஸ்ரிக்கிலும் கீறல் போடும். எதெண்டாலும் அரிச்சு எடுங்கோ. சொப்பிங் பாக் வைச்சு அடுப்பு மூட்டுற வீடுகளிலை அந்தச் சாம்பலைப் பாத்திரத்திலை தொடவே கூடாது, பெயின்ற் அடிச்ச பலகை எரிச்சதும் அப்பிடித்தான். மீள்குடியேற்ற நேரம் கிடைச்ச அலுமினியச் சட்டிகள் இன்னும் எத்தினையோ வீட்டிலை ஓடுது. அதுக்குச் சாம்பலும் சோடாவும் போட்டா கறுக்கும். கறுத்ததுக்கு, தேசிக்காயளவு பழப்புளியை ஒரு லீற்றர் தண்ணியிலை கரைச்சு அந்தச் சட்டியிலையே பத்து நிமிசம் கொதிக்க விட்டாக் காணும்.

"கடையிலை விக்கிறது கெமிக்கல்" எண்டு சொல்லுறவைக்கு: அப்பச்சோடா மரத்திலை காய்க்கிறேல்லை.

பதில் சொல்லவே பயமாயிருக்கிறது வேறையொண்டு. அந்த வீடியோவுக்குக் கீழை ஒராள் "கொஞ்சம் குளோரினும் விட்டா இன்னும் திறம்" எண்டு எழுத, நூறு பேர் இதயம் போட்டிருக்கினம். குளோரின் திராவகத்தோடை (பிளீச்) வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். யன்னல் சாத்தின சின்னக் குசினியிலை நெஞ்சைப் பிடிக்கும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேணும். இதுக்கு இதயம் போட்டவையிலை எத்தினை பேர் வாழ்க்கையிலை ஒரு தாச்சி கழுவியிருப்பினம்? வீடியோ எடுக்கிறது ஆம்பிளை, "பொற்காலம்" எண்டு கொமென்ற் போடுறது ரொறொன்ரோவிலை டிஷ்வோஷர் வைச்சிருக்கிற மாமா. குந்தியிருந்து தேய்க்கிறது இஞ்சை இருக்கிற பொம்பிளை. நுரை வந்ததே எண்டு நம்பி, போகாத கறையைத் திரும்பத் திரும்ப உரஞ்சி முழங்கை நோகிறதும் அவளுக்குத்தான். கறை போகேல்லையெண்டா "நீ வடிவாத் தேய்க்கேல்லை" எண்ட பேச்சும் அவளுக்குத்தான். இதைச் சொன்னா நான் ஊரைப் பழிக்கிறனாம். ஊரைப் பற்றி எனக்குப் படிப்பிக்க வந்திட்டினம்.

தேசிக்காய் போட்டுத் தேய்ச்சும் சீமெந்துத் தொட்டியின்ரை சொரசொரப்புப் போகேல்லை எண்டு இன்பொக்ஸிலை கேட்ட தங்கச்சிக்கு: அந்தச் சொரசொரப்பு அழுக்கில்லை. புளி பட்டுச் சீமெந்து அரிஞ்சது, தேய்க்கத் தேய்க்கக் கூடும். தேசிக்காயை விட்டிட்டுச் சவர்க்காரமும் தும்பும் மட்டும் பாவியுங்கோ. மீன் வெட்டின நாளிலை கடைசியாச் சுடுதண்ணி. அரிஞ்ச இடத்துக்கு மேசனைக் கூப்பிட்டுத் திரும்பச் சீமெந்து பூசத்தான் வேணும்.